எல்லோரும் பார்க்கலாமா?



நாஞ்சில் நாட்டுப் பழைய வீடு ஒன்றை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெருவை ஒட்டிப் படிப்புரை இருக்கும். வழிப்போக்கரும் அங்கே அமர்ந்து இளைப்பாறலாம். அதைத் தாண்டினால் பட்டாசாலை. உறவினரும் நெருங்கிய நண்பரும் அதுவரை வருவார்கள். அதற்கும் உள்ளே அரங்கு. நெல்லும் நகையும் சொத்துப் பத்திரங்களும் இருக்கும் இருட்டறை அது. அதன் சாவி பாட்டியின் இடுப்பை விட்டு இறங்காது.

யார் எந்த அறைவரை வரலாம் என்று அந்த வீட்டில் யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. இன்று நாம் ஓலைச்சுவடிகளையும் புகைப்படங்களையும் பேச்சுப் பதிவுகளையும் கணிப்பொறியில் ஏற்றி, இணையதளத்தில் வைக்கிறோம். அங்கே படிப்புரையும் இல்லை, அரங்கும் இல்லை. நாமாக ஏற்பாடு செய்யாவிட்டால் எல்லாப் பொருளும் நடுத்தெருவில் கிடக்கும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் பூட்டினால் யாருக்கும் பயன்படாமல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டா? உண்டு என்பது என் கருத்து. அதைப் பெரும்பாலும் நம் மாவட்டத்து உதாரணங்களைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

ஆசானின் ஏடு

குமரி மாவட்டம் வர்ம வைத்தியத்துக்குப் பேர்போனது. உடலில் 108 வர்ம இடங்கள் உண்டு. அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று இந்த மரபு கணக்கிடுகிறது. இந்த இடங்களில் பலமாக அடிபட்டால் ஆபத்து என்றும், அதே இடங்களைத் தக்க முறையில் தடவியும் அழுத்தியும் தட்டியும் நோயைப் போக்கலாம் என்றும் ஆசான்கள் கூறுவர். எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் ஆசானைத் தேடிச் செல்லும் வழக்கம் இங்கே இன்றும் இருக்கிறது.

இந்த அறிவு ஓலை ஏடுகளில் பாட்டாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஏடு கையில் கிடைத்தவுடன் வர்மம் தெரிந்துவிடாது. பொருளை மறைத்துக் கூறும் பரிபாஷைச் சொற்கள் அதில் நிறைய உண்டு. ஆசான் விளக்கிச் சொன்னால்தான் புரியும். அவரோ எளிதில் சொல்ல மாட்டார். பல ஆண்டுகள் கூடவே இருந்து பணிவிடை செய்யும் சீடனின் குணத்தை நன்கு அறிந்த பிறகே முக்கியமான இடங்களைக் காட்டிக்கொடுப்பார். முன்கோபக்காரனுக்குக் கடைசிவரை சொல்ல மாட்டார்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? ஒருவனைக் குணப்படுத்தும் அறிவு இன்னொருவனைக் காயப்படுத்தவும் உதவும் என்பதே காரணம். உங்கள் பள்ளி ரசாயனக் கூடத்தில் கந்தக அமிலப் புட்டியை ஆசிரியர் அலமாரியில் பூட்டி வைக்கிறார் அல்லவா? இதுவும் அதைப் போன்றதுதான்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். தகுந்த சீடன் கிடைக்காமல் ஓர் ஆசான் கண்ணை மூடினால், அவர் அறிந்ததும் அவரோடு போயிற்று. ஓலை பல நூறு ஆண்டுகள் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் யாராவது அதை அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டி, எண்ணெய் பூசி, நைந்துபோனதைப் புதிய ஓலையில் பிரதி எடுத்தால்தான் தாங்கும். பரணில் ஒளித்து வைத்த ஏட்டைப் பிரதி எடுப்பது யார்? கடைசியில் அதைச் செல்தான் படிக்கிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு வைத்திய முறை உண்மையிலேயே பலன் தருகிறதா, தற்செயலாகக் குணமாயிற்றா என்பதை அறியச் சோதனை வேண்டும். ஒருவர் செய்ததை மற்றொருவர் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு முதலில் என்ன செய்தார்கள் என்பது வெளியே தெரிய வேண்டும். மறைத்து வைத்த கூற்றை விஞ்ஞானம் மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. நல்லதும் தவறானதும் ஒரே பெட்டியில் சேர்ந்து கிடக்கும்.

ஆகவே, திறந்துவிட்டாலும் தொல்லை, பூட்டினாலும் தொல்லை. இப்படிப்பட்ட ஏடு ஒன்றைப் படம்பிடித்து இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏடு எந்த ஊரில் கிடைத்தது, எத்தனை ஓலை, எந்தக் காலத்தது என்ற விவரங்களை எல்லோரும் பார்க்கலாம். தைல முறைகளைச் சொல்லும் ஓலைகளைச் சித்த மருத்துவ மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் பார்க்கலாம். அபாயமான அடிகளைச் சொல்லும் ஓலைகளை, ஏடு கொடுத்த குடும்பத்தாரும் தேர்ந்த மருத்துவர்களும் மட்டும் பார்க்கலாம். ஏடு ஒன்று, பார்ப்பவர் மூன்று வகை. கணிப்பொறியால் இதைச் செய்ய முடியுமா?

கணிப்பொறி கேட்கும் இரண்டு கேள்விகள்

முடியும். அதற்கு அது இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் கேள்வி: "நீ யார்?" இரண்டாவது கேள்வி: "நீ கேட்கும் இந்தப் பொருளைப் பார்க்க உனக்கு அனுமதி உண்டா?" இவை இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. உங்கள் பள்ளி வாயிற்காவலருக்கு உங்களை நன்றாகத் தெரியும். அதனால் உங்களை வினாத்தாள் அறைக்குள் விட்டுவிடுவாரா?

முதல் கேள்விக்கு விடைதான் கடவுச்சொல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்து உபயோகிக்கும் ஏற்பாடு உருவாயிற்று. ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாமல் இருக்க அங்கே கடவுச்சொல்லைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை ஒரு பட்டியல். ஒவ்வொரு கோப்புக்கும் எதிரே அதைப் பார்க்கக்கூடியவர், திருத்தக்கூடியவர், நீக்கக்கூடியவர் யார் யார் என்று அதில் எழுதியிருக்கும். ஆயிரம் பேர் பெயரை எழுதுவது கடினம் அல்லவா? ஆகவே மாணவர், ஆசிரியர், நூலகர், குடும்பத்தார் என்று பிரிவுகளை ஏற்படுத்தி, பிரிவுக்கு அனுமதி கொடுப்பார்கள். ஒருவர் ஒரு பிரிவில் சேர்ந்தால் அனுமதி வரும். விலகினால் அனுமதியும் விலகும்.

ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு விஞ்ஞானிகள் 1975-ல் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையில் புகழ்பெற்றது. கணிப்பொறியில் உள்ள செய்திகளைக் காக்க எட்டு விதிகளை அவர்கள் கூறினார்கள். அவற்றுள் மூன்றை நீங்களும் நினைவில் வைக்கலாம். அனுமதி என்று வெளிப்படையாகச் சொல்லாத எதற்கும் அனுமதி இல்லை என்று கொள்ள வேண்டும். வாசலில் ஒரு தடவை கேட்டது போதும் என்று விடாமல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டும். ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான அளவு அனுமதியைத்தான் தர வேண்டும். அதற்கு மேல் தரலாகாது. அரை நூற்றாண்டு கடந்தும் இவ்விதிகள் மாறவில்லை.

கதவில் பூட்டு, நெல் முற்றத்தில்!

விதி பழையதாக இருந்தாலும் தவறு இன்னும் நடக்கத்தான் செய்கிறது. பலரும் செய்யும் பிழை ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பக்கத்தைப் பார்க்கக் கடவுச்சொல் கேட்கிறார்கள். பக்கத்தில் பத்துப் படங்கள் இருக்கின்றன. பார்ப்பதற்குப் பத்திரமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு படமும் ஒரு தனிக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி இணைய முகவரி உண்டு. அந்தக் கோப்புகளைச் சர்வரில் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் போட்டு வைத்திருப்பார்கள். முகவரி தெரிந்தவர் எவரும், பூட்டிய பக்கத்தின் வழியாகப் போகாமலே படத்தை நேராக எடுத்துக்கொள்ளலாம். சர்வர் எதுவும் கேட்காது. கேட்கும்படி யாரும் அதற்குச் சொல்லவில்லையே! படங்களுக்கு 1, 2, 3 என்று வரிசையாகப் பெயரிட்டிருந்தால் இன்னும் சுலபம். ஒன்றின் முகவரியைக் கொண்டு மற்ற ஒன்பதையும் ஊகித்துவிடலாம். இது அரங்கின் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நெல்லை முற்றத்தில் கொட்டி வைப்பதற்குச் சமம்.

இதைத் தவிர்ப்பது எப்படி? கோப்புகளைப் பொது இடத்தில் போடாமல், இணையத்திலிருந்து நேராகத் தொட முடியாத தனி இடத்தில் வைக்க வேண்டும். யாராவது ஒரு படத்தைக் கேட்டால், புரோகிராம் முதலில் பட்டியலைப் பார்க்க வேண்டும். அனுமதி இருந்தால் அதுவே படத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அல்லது சில நிமிடங்களே செல்லுபடியாகும் தற்காலிக முகவரி ஒன்றைக் கொடுக்கலாம். அந்த நேரம் கடந்தபின் அம்முகவரி பயன்படாது. சுருங்கச் சொன்னால், பூட்டு அறிவிப்புப் பலகையில் இருந்தால் போதாது. பொருளின்மேலேயே இருக்க வேண்டும்.

பெரிய படத்தைப் பூட்டிவிட்டு அதன் சிறு நகலைத் திறந்து விடுவதும் உண்டு. கைபேசியில் எடுத்த படத்தோடு, எடுத்த இடமும் நேரமும் கண்ணுக்குத் தெரியாமல் பதிவாகியிருக்கலாம். அதை நீக்காமல் ஏற்றினால், முகத்தை மறைத்தும் வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் ஆவோம்.

எவ்வளவு நல்ல பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பார்க்க அனுமதி பெற்றவர் திரையைப் படம்பிடித்து நண்பருக்கு அனுப்பினால் எந்தப் புரோகிராமும் தடுக்காது. ஆசான் சீடனின் குணத்தைப் பார்த்தது இதற்காகத்தான். சாவி யார் கையில் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதருடையது. வெவ்வேறு மக்கள் அதை எப்படித் தீர்மானித்தார்கள் என்று இனிப் பார்ப்போம்.

முதியவரின் பை

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் டெனன்ட் கிரீக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வருமுங்கு என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பாதிரிமாரும் ஆராய்ச்சியாளரும் அரசாங்க அதிகாரிகளும் பல ஆண்டுகளாக அவர்களைப் படம்பிடித்துச் சென்றிருந்தார்கள். அந்தப் படங்கள் பிற்காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒரு சங்கடம் ஏற்பட்டது. இறந்தவர்களின் படத்தை எல்லோரும் கண்டபடி பார்ப்பது அவர்கள் வழக்கத்துக்கு விரோதம். சில சடங்குகளின் படங்களை ஆண்கள் மட்டும் பார்க்கலாம். சிலவற்றைப் பெண்கள் மட்டும் பார்க்கலாம்.

கிம் கிறிஸ்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவ்வூர் மக்களும் சேர்ந்து 2007-ல் ஒரு கணிப்பொறிக் காப்பகத்தை அமைத்தார்கள். அதற்கு 'முக்குர்த்து' என்று பெயர். முதியவர்கள் புனிதமான பொருட்களைப் போட்டு வைக்கும் பைக்கு வருமுங்கு மொழியில் அதுதான் பெயர். பையில் இருப்பதைப் பார்க்க விரும்புகிறவர் முதியவரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். அதே போல ஒவ்வொரு படத்தையும் யார் யார் பார்க்கலாம் என்பதை அம்மக்களே அந்தக் காப்பகத்தில் குறிக்கிறார்கள். உள்ளே வருபவர் எந்தக் குடும்பத்தவர், ஆணா பெண்ணா என்பதைக் கொண்டு அவருக்கு உரிய படங்கள் மட்டும் தோன்றும். இன்று முக்குர்த்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளாகப் பல நாட்டுப் பழங்குடி மக்களுக்கு உதவுகிறது.

பூட்டு இங்கே ஆசானின் பூட்டைப் போன்றதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பையைத் திறக்கும் விதி முதியவரின் மனத்தோடு மறைந்துவிடாமல் எழுத்தில் இருக்கிறது. அடுத்த தலைமுறை அதைப் பார்க்கலாம்; தேவைப்பட்டால் மாற்றலாம்.

மஞ்சளுக்கு ஒரு வழக்கு

நம் நாட்டிலும் பெரியதொரு பூட்டிய நூலகம் இருக்கிறது. மஞ்சளால் புண் ஆறும் என்பது உங்கள் பாட்டிக்குத் தெரியும். ஆனால் 1995-ல் அமெரிக்காவில், மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்குப் புதிய கண்டுபிடிப்பு என்று காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டிற்று. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தாயிற்று.

ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி வழக்காடிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே 2001-ல் 'பாரம்பரிய அறிவு மின்னணு நூலகம்' தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய முறைகளின் நூல்களிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டி, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். காப்புரிமை கேட்டு ஒருவர் வந்தால், "இது இந்தியாவில் முன்பே தெரிந்ததுதான்" என்று அந்தந்த நாட்டு அலுவலகமே கண்டுபிடித்துவிடலாம்.

இந்த நூலகத்தின் கதவு பல ஆண்டுகள் யாருக்குத் திறந்திருந்தது தெரியுமா? ஒப்பந்தம் செய்துகொண்ட காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே. திருடர் கையில் தயாரான பட்டியலைக் கொடுத்தது போல ஆகிவிடக்கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் வெளிநாட்டு அதிகாரி பார்க்கக்கூடிய பக்கத்தை நாகர்கோவிலில் உள்ள ஆராய்ச்சி மாணவர் பார்க்க முடியாது என்றால் அது சரியா? இந்தக் கேள்வி பலமாக எழுந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை, நூலகத்தை மற்றவர்களும் படிப்படியாக உபயோகிக்க அனுமதிப்பது என்று தீர்மானித்தது. என்னைக் கேட்டால், இருபது ஆண்டுகள் கழித்துச் செய்ததை முதலிலேயே செய்திருக்கலாம். பூட்டும்போதே, எப்போது மறுபடி யோசிப்பது என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

காணிக்காரர் காட்டிய செடி

நூலில் உள்ள அறிவை நூலகத்தில் பூட்டலாம். எழுதாத அறிவை என்ன செய்வது? அகஸ்திய மலைக் காடுகளில் காணிக்காரர் வாழ்கிறார்கள். நம் பேச்சிப்பாறை மலைப்பகுதியிலும் அவர்கள் உண்டு. 1987-ல் கேரளப் பக்கத்து மலையில் ஏறிய விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிய காணிக்காரர்களோ ஒரு செடியின் பழத்தைத் தின்றுவிட்டுக் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது, வெளியாருக்குச் சொல்லக்கூடாத ரகசியம் என்று முதலில் தயங்கினார்கள். பிறகு, தவறாக உபயோகிக்க மாட்டோம் என்ற உறுதியின் பேரில் காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிற்று. 1995-ல் அதைத் தயாரிக்கும் உரிமையைக் கோவை நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தது. வரும் தொகையில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. அதற்காக 1997-ல் அவர்களுடைய அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. அறிவைக் கொடுத்தவருக்கும் பங்கு தந்ததால் இது உலகமெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. எனினும் காணிக்காரருள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. இரண்டொருவர் சொன்ன "சரி" மொத்தச் சமூகத்தின் "சரி" ஆகுமா என்று சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி அது. ஒரு குழுவின் படத்தையோ பாட்டையோ நாம் ஏற்றும்போதும், யாரிடம் அனுமதி பெற்றோம் என்பதை யோசிக்க வேண்டும்.

பிறப்பு சாவியாகுமா?

தொடக்கத்தில், வழிப்போக்கர் படிப்புரையில் அமரலாம் என்று சொன்னேன். அன்று எல்லா வழிப்போக்கரும் அமர முடிந்ததா? முடியவில்லை, நண்பர்களே. அமர்வது இருக்கட்டும், தெருவில் நடக்கவே முடியவில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்ட சாதியார் நடக்கக்கூடாது என்ற தடை இருந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முதலியோர் முன்னின்று 1926-ல் அங்கே சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். அன்று நம் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1936 நவம்பர் 12-ல் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனம், சமஸ்தானத்தின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டது.

அந்தத் தெருவும் ஒரு பூட்டுத்தான். அங்கேயும் "நீ யார்?" என்றுதான் கேட்டார்கள். பிறப்பைச் சொன்னதும் பதில் முடிந்துவிட்டது. "எதற்காக வருகிறாய்? உன்னால் யாருக்கு என்ன தீங்கு?" என்று யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் முக்குர்த்துவும் குடும்பத்தைப் பார்க்கிறதே, ஆண் பெண் பார்க்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். என் பதில் இது. அங்கே அந்த மக்கள் தங்கள் வீட்டுப் படங்களுக்குத் தாங்களே விதி செய்கிறார்கள். சுசீந்திரத்திலோ பொதுத் தெருவுக்குச் சிலர் விதி செய்து மற்றவரை வெளியே நிறுத்தினார்கள். வெளியே நின்றவருக்கு அந்த விதியைச் செய்வதில் பங்கில்லை. கேள்வி கேட்கவும் இடமில்லை. ஒரு பூட்டைக் கண்டால் அதைப் போட்டவர் யார் என்று பாருங்கள். அதற்கு வெளியே நிற்பவர் ஏன் என்று கேட்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாது என்றால் அந்தப் பூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

திறந்ததால் விளைந்த நன்மைக்கும் நம் ஊரிலேயே சான்று உண்டு. அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தில் ஏராளமான ஓலை ஆவணங்கள் இருந்தன. அவை அரங்கிலேயே இருந்திருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திராது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றைப் பார்த்து ஆராய்ந்தார். பிற்காலத்தில் அவை 'முதலியார் ஓலைகள்' என்று நூலாகவும் வந்தன. நாஞ்சில் நாட்டில் மனிதரை அடிமைகளாக விற்றதும் வாங்கியதும் அவற்றில் எழுதியிருக்கிறது. அது பெருமைக்குரிய செய்தி அல்ல. ஆனால் நாம் அறிந்தே தீர வேண்டிய செய்தி. வெட்கத்தை மறைக்கப் போடும் பூட்டு நல்ல பூட்டு அல்ல.

உங்கள் பள்ளியில்

இனி உங்கள் பள்ளிக்கு வருவோம். பள்ளி ஆண்டு விழாப் படங்களையும் மதிப்பெண் பட்டியலையும் மருத்துவ முகாம் விவரங்களையும் ஓர் இணையதளத்தில் ஏற்றப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மலரை உலகம் முழுவதும் படிக்கட்டும். நாடகத்தில் நடித்த மாணவியின் படம்? அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்தால் போடலாம். ஒரு மாணவனின் மதிப்பெண்? அவனும் பெற்றோரும் ஆசிரியரும் பார்த்தால் போதும். அவனுக்கு உள்ள நோய்? அதை மருத்துவரும் பெற்றோரும், பொறுப்பான ஆசிரியர் ஒருவரும் அறிந்தால் போதும். 2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, காரணம் அறிந்து செய்வது மேல்.

என் கருத்தைத் தொகுத்துச் சொல்லிவிடுகிறேன். அறிவு பொதுவாகத் திறந்தே இருக்க வேண்டும். மனிதரின் சொந்த விவரம் பொதுவாகப் பூட்டியே இருக்க வேண்டும். எந்தப் பூட்டுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை வெளியே நிற்பவரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். தேவையையும் பொறுப்பையும் பார்த்துச் சாவி கொடுக்க வேண்டும். சாதி, பணம், பதவி பார்த்துக் கொடுக்கலாகாது. பூட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மறுபடி யோசிக்க வேண்டும். போட்ட பூட்டு பொருளின்மேல் இருக்க வேண்டும்.

இதை நீங்கள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் உங்கள் பள்ளியிடம் உள்ள பத்து வகைப் படங்களையும் பதிவுகளையும் எழுதுங்கள். மேலே மாணவர், பெற்றோர், ஆசிரியர், ஊரார் என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 'பார்க்கலாம்' அல்லது 'பார்க்கக்கூடாது' என்று குறித்து, பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் எழுத முடியாத கட்டங்கள் சில வரும். அந்தக் கட்டங்களை உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய் விவாதியுங்கள்.